எட்டு இடது கால்கள்

நல்லசாமியின் இடது முழங்கால் மடங்காது. மலாயாவின் சிரம்பான் பாடாங்குத் திடலில் நடந்த ஓர் ஆட்டத்தில் எதிரணிக்காரன் ஒருவனின் பூட்ஸ் முட்டிச்சில்லில் இறங்கிய நாளிலிருந்து அது உலக்கை மாதிரி நீட்டினபடியே நின்றுவிட்டது. அதற்கு முன்னால் அவர் இடது ஓரத்தில் வெறுங்காலோடு ஓடினால் பூட்ஸ் போட்டவர்களுக்கு மூச்சு வாங்கும். பகாவிலும் கோலா பிலாவிலும் பந்தாட்டம் பார்க்கிறவர்களுக்கெல்லாம் அவர் பெயர் தெரியும். கால் போன பிறகும் ஏழாங்கட்டை ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஸ்டோரில் பால் நிறுக்கும் வேலையைக் கொடுத்தார். சாயங்காலங்களில் தோட்டத்துப் பந்தாட்டக் குழுவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

வாயால் விளக்கிச் சொல்வது நல்லசாமிக்கு வராது. எதையும் செய்துகாட்டுவார். பின்னால் நிற்கிறவர்கள் பார்த்து அப்படியே செய்ய வேண்டும். அவர் காட்டுவதில் நொண்டலைக் கழித்துவிட்டு மீதியை எடுத்துக்கொள்ள அந்தப் பதினொரு பேரும் பழகியிருந்தார்கள். அப்படிப் பழகியே இரண்டு தடவை கோப்பையைத் தூக்கினார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் கல். அடிபடாமலே அடிபட்ட மாதிரி விழுகிறவனை அவருக்குக் கண்ணில் காட்டக் கூடாது. கோலா பிலாவில் ஒரு முறை, கோல் போடுவதில் கெட்டிக்காரனான முருகையா, யாரும் தொடாமலே சுருண்டு விழுந்து பெனால்டி வாங்கினான். நல்லசாமி கோட்டோரத்தில் நின்றபடி கையைக் காட்டி அவனை வெளியே கூப்பிட்டுவிட்டார். மாற்று ஆள் இறக்க முடியாத காலம். பத்துப் பேரோடு ஆடித் தோற்றார்கள்.  அவர் செய்தது தப்பு என்று திரும்பி வரும்போது லோரியில் ஒருவரும் சொல்லவில்லை. யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்பதில் அவர் சொன்னால் சொன்னதுதான். விடப்பட்டவன்கூட முகத்தைச் சுளிக்க மாட்டான்.

துரைமார்கள் ஓடினார்கள், ஜப்பான்காரன் வந்தான். பால்வெட்டு பாதியாகக் குறைந்தது. சோறு போய் மரவள்ளி வந்தது. பந்து மட்டும் நிற்கவில்லை. பகாவிலிருந்து ஒரு ஜப்பானிய அதிகாரி வந்து, நாற்காலி போடச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைக் கடைசிவரை பார்த்தார். கை தட்டினார். கோல் போட்டவனைக் கூப்பிட்டு சிகரெட் கொடுத்தார். நல்லசாமிக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த வாரம் முழுக்க ஆட்களை இன்னும் கடுமையாக ஓடவிட்டார்.

அதற்கடுத்த வாரம் காலைப் பெரட்டுக்கு அதே அதிகாரி வந்தார். வேலைக்குப் போக நின்றிருந்த வரிசையில் யாரையும் எதுவும் கேட்காமல் மூன்று பேரின் தோளைத் தொட்டார். ராமகிருஷ்ணன், ஆறுமுகம், டொனால்ட். மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமை ஓடி ஓடிக் கைதட்டல் வாங்கியவர்கள். சயாமில் ரயில் பாதை போடும் வேலை, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்கள். லோரியில் ஏறும்போது டொனால்ட், "அண்ணே, என் எடத்த வேற எவனுக்கும் குடுத்துறாதீங்க!" என்று கத்தினான்.

மூன்று மாதம் கழிந்தது. மூவரும் வரவில்லை. பக்கத்துத் தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போன ஒருவன் மட்டும் காட்டு வழியாகத் தப்பி வந்து சேர்ந்தான். சில நாள் பேசினான். பிறகு பேச்சை நிறுத்திக்கொண்டான். அங்கே செத்துப் போனவர்களைப் பற்றி அந்தச் சில நாளில் அவன் சொன்னதே ஏழாங்கட்டைக்குப் போதுமாக இருந்தது.

நல்லசாமிக்கு அப்போதுதான் ஒன்று விளங்கியது. அந்த அதிகாரி ஆள் தேடி அலையவில்லை. நல்லசாமியே ஆட்களை ஓடவிட்டு, உரமேற்றி, நாற்காலிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். நாற்காலியில் இருந்தவர் கையை நீட்டி எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

அதன் பிறகு அவர் பந்தை வெளியே எடுக்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் கிராணி திருநாவுக்கரசு ஸ்டோருக்குள் வந்து கதவைச் சாத்தினார். ஆபீசில் துரைக்கு அடுத்தபடியாக இருந்தவர். இப்போது ஜப்பான்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். முகம் சுண்டியிருந்தது.

"நல்லசாமி, அடுத்த வாரம் திரும்ப வர்றானுங்க. பத்துத் தலை வேணுமாம்."

"யாரு யாருன்னு சொன்னானுங்களா ஐயா?"

"இந்தத் தடவை ஒவ்வொருத்தனையா நடக்கவிட்டுப் பாப்பானுங்களாம். மண்ணு செமக்கிற வேலை. காலு நல்லா இருக்கணும்னு சொல்லிட்டானுங்க." கிராணி குரலைத் தாழ்த்தினார். "ஒன் பசங்க காலப் பத்தி அவனுக்கு நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல."

கிராணி போன பிறகு நல்லசாமி பால் வாளிகளுக்கு நடுவில் நின்று கணக்குப் போட்டார். எஞ்சியிருப்பது எட்டுப் பேர். எட்டுப் பேரின் காலையும் அவர்தான் அப்படி ஆக்கியிருந்தார். அதை இனி மறைக்க வேண்டும். பந்தாட்டக்காரனுக்குக் கால் கெடுவது உலகத்தில் இல்லாத சங்கதி அல்ல. அவரே அதற்குச் சாட்சி.

மறுநாள் வேலை முடிந்ததும் எட்டுப் பேரையும் பழைய புகைக்கூண்டுக்குப் பின்னால் இருந்த கித்தாக் காட்டுக்கு, ரப்பர் மரங்களுக்கு நடுவில், வரச் சொன்னார். விஷயத்தைச் சொன்னதும் கோல்கீப்பர் மைக்கல்ராஜ்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"ஏண்ணே, நொண்டுறதுக்குமா கோச்சிங்கு?"

"சிரிக்காதடா. ஒழுங்கா நொண்டத் தெரியாதவன் சயாமுக்குப் போவான்."

"எங்கப்பன் கள்ளு குடிச்சிட்டு வர்றப்ப நடப்பாரு பாருங்க, அது போதும்லா!"

மற்றவர்கள் சிரித்தார்கள். முருகையா மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணே," என்றான், "அன்னைக்குக் கோலா பிலாவுல விழுந்ததுக்கு அத்தன பேரு முன்னாடி என்னைய வெளியேத்துனீங்க. இன்னைக்கு நீங்களே விழச் சொல்றீங்க."

நல்லசாமி அவன் முகத்தைப் பார்த்தார். "அன்னைக்கு நீ கோப்பைக்காக விழுந்த. இன்னைக்கு உசுருக்காக விழுடா. எம்மேல இருக்குற கோவத்தை அப்பறம் தீத்துக்க."

முருகையா வரிசையில் போய் நின்றான்.

பயிற்சி தொடங்கியது. நல்லசாமி முன்னால் நடப்பார். எட்டுப் பேரும் ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். குந்தி உட்கார்ந்து எழும்போது கை தானாகத் தரையைத் தேட வேண்டும் என்று காட்டினார். திரும்பும்போது உடம்பு முதலில் திரும்பி, கால் பிறகு வர வேண்டும். வலியை வாயில் காட்டக் கூடாது. நாள்பட்ட வலிக்காரன் முனக மாட்டான், மேட்டைக் கண்டால் சுற்றிக்கொண்டு போவான். இதெல்லாம் அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. எட்டு வருஷமாக உடம்பே சொல்லிக்கொண்டிருந்தது.

"நடிக்காதடா மைக்கலு! காலு ஒன்னோடதுங்கிற ஞாபகம் இருக்கட்டும்."

"சரிண்ணே. பொண்ணு பாக்கப் போறப்ப மட்டும் மறந்துடுறேன்."

இரண்டாம் நாள் சாயங்காலம் சன்னாசி வந்தான். அவன் பால்வெட்டுக்காரன்; குழுவில் இல்லாதவன். ஆனால் எந்த ஊரில் ஆட்டம் நடந்தாலும் அவன் இருப்பான். தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு கோட்டோரத்தில் ஓடுவான். தோற்றால் இவர்களைவிட அதிகமாக அழுவான். வீட்டில் மனைவி முத்தாயியும் இரண்டு பெண்பிள்ளைகளும் இருந்தார்கள்.

"அண்ணே, நானும் இந்த வரிசையில நிக்கவா?"

நல்லசாமி வரிசையைத் திரும்பிப் பார்த்தார். எட்டுப் பேர் நொண்டினால் பந்தாட்டத்தில் கெட்ட கால் என்று சொல்லலாம். ஒன்பதாவதாக ஒரு பால்வெட்டுக்காரன் நொண்டினால் அப்படிச் சொல்ல முடியாது. சன்னாசியைச் சேர்த்தால் நாளைக்கு இன்னொருவன் வருவான். லயத்து வரிசை வீடுகள் முழுக்கவே நொண்டும். ஒருவனும் தப்ப மாட்டான். கணக்கு அவருக்குத் தெளிவாகத்தான் இருந்தது.

"வேணாம் சன்னாசி. ஆளு கூடுனா சந்தேகம் வரும். இது டீம் ஆளுங்களுக்கு மட்டுந்தான்."

சன்னாசி தலையாட்டினான். "அதுவும் சரிதாண்ணே," என்றான். பிறகு, "அப்ப நான் சடக்குல நின்னு பாத்துக்கறேன். யாராச்சும் வந்தா இருமுறேன்," என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்கும் அடுத்து வந்த நாள்களிலும் அவன் சடக்கோரத்தில், தோட்டத்துச் சாலையில், நின்று காவல் காத்தான். மரங்களுக்கு நடுவில் எட்டுப் பேர் நடந்து பழகுவது அங்கிருந்து நன்றாகத் தெரியும்.

கடைசி நாளில் நல்லசாமிக்குத் திருப்தியாக இருந்தது. எட்டுப் பேரும் ஒரு சின்னப் பிசிறு இல்லாமல் நடந்தார்கள். கோப்பை ஆட்டத்துக்கு முந்தின சாயங்காலம் இருப்பது போன்ற திருப்தி.

அந்த நாள் வந்தது. பெரட்டுக் களத்தின் ஒரு பக்கம் லோரி நின்றது. அதிகாரி மர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கிராணி. ஆண்கள் ஒருவர் பின் ஒருவராகக் களத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்து போக வேண்டும். பெண்களும் களை வெட்டும் கூட்டமும் தள்ளி நின்றார்கள். அதில் நல்லசாமியின் மனைவி மங்கம்மாவும் இருந்தாள். கால் ஊனம் என்பதால் நல்லசாமியை வரிசையில் சேர்க்கவில்லை. அவர் ஸ்டோர் வாசலில் நின்றிருந்தார்.

முதலில் முருகையா போனான். நன்றாகப் போனான். குரலில்லாமல், முகம் கோணாமல், கட்டையான காலை வெளிப்பக்கமாக வீசி வீசி நடந்தான். அதிகாரி கையை அசைத்து அவனை ஒதுக்கினார். நல்லசாமிக்கு மூச்சு வந்தது.

இரண்டாவது ஆள் போனான். கட்டையான காலை வெளிப்பக்கமாக வீசி வீசி நடந்தான்.

மூன்றாவதாக மைக்கல்ராஜ். அவனும் அப்படித்தான். வலது தோளை ஒரு முழம் இறக்கி, இடது காலை அரைவட்டமாகச் சுற்றிக் கொண்டுவந்து வைத்து, வைத்ததும் தாடையைச் சின்னதாக ஒரு வெட்டு வெட்டினான்.

மூன்று பேரும் ஒரே மாதிரி நடப்பது அப்போதுதான் நல்லசாமிக்கு உறைத்தது. அந்தத் தாடை வெட்டு யாருடையது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் களத்தில் இருந்த மற்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அது அவருடையது. இத்தனை வருஷத்தில் அவர் தன் நடையைப் பார்த்ததே இல்லை. யாரால் தன் நடையைப் பார்க்க முடியும்? முன்னால் நடந்தவர் அவர். பார்த்தவர்கள் பின்னால் வந்தவர்கள். நொண்டலைக் கழித்துவிட்டு மீதியை எடுத்துக்கொள்ளத் தெரிந்தவர்களிடம் அவர் இந்தத் தடவை நொண்டலையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். எடுத்துக்கொண்டார்கள், ஒன்றையும் விடாமல். ஒருவனுக்கு வலது கால், ஒருவனுக்குக் கணுக்கால், ஒருவனுக்கு இடுப்பு என்று பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

நான்காவது நல்லசாமி களத்தைக் கடந்துகொண்டிருந்தான்.

பெண்கள் கூட்டத்தில் யாரோ ஒருத்தி தாங்க முடியாமல் களுக்கென்று சிரித்துவிட்டாள். மங்கம்மா அவள் வாயைப் பொத்தினாள். அதற்குள் அதிகாரி தலையைத் திருப்பிவிட்டார். நடந்துகொண்டிருந்தவனை நிற்கச் சொன்னார். ஏற்கெனவே போன மூன்று பேரைத் திரும்ப நடக்கச் சொன்னார். நான்கு பேரும் சேர்ந்து நடந்தார்கள். நான்கு இடது கால்களும் ஒன்றாகச் சுற்றின.

அதிகாரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நல்லசாமி ஸ்டோர் வாசலை விட்டு இறங்கினார். என்ன சொல்லப் போகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. ஆனால் அவர் நடந்து போவதை அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையிலேயே சொல்ல வேண்டியது அவருக்குக் கிடைத்தது. நாற்காலிக்கு முன்னால் போய் நின்று, தலையைத் தாழ்த்தி, தனக்குத் தெரிந்த மலாயில், "சாக்கிட், துவான்," என்றார். "இது நோய். எனக்குத்தான் முதலில் வந்தது. பிறகு இந்த நான்கு பேருக்கும், பின்னால் நிற்கிற அந்த நான்கு பேருக்கும். நாங்கள் எல்லாரும் சேற்றில் சேர்ந்து மரவள்ளி நட்ட ஒரே கூட்டம். முழங்கால் இறுகிப் போகும். பிறகு மடங்காது."

அதிகாரி கிராணியைப் பார்த்தார். அந்த இடத்தில் திருநாவுக்கரசு "இல்லை" என்று தலையாட்டியிருந்தால் கதை முடிந்திருக்கும். அவர் நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டு, "ஆமாம் துவான். பெரிபெரி மாதிரி ஒன்று. லயத்தில் பரவுகிறது," என்றார். குரல் நடுங்கியது. நோய்க்குப் பயந்து நடுங்குவதாகவும் அதை எடுத்துக்கொள்ளலாம்.

அதிகாரி எழுந்தார். இரண்டு சிப்பாய்களைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அவர்கள் நல்லசாமியைத் தரையில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். ஒருவன் தொடையைப் பிடித்துக்கொண்டான். இன்னொருவன் குதிகாலைப் பிடித்து மடக்கினான்.

நடிப்பாக இருந்தால் மடங்கியிருக்கும். மடங்கவில்லை. இன்னும் பலமாக மடக்கினார்கள். பச்சை மூங்கில் வெடிப்பது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நல்லசாமி கத்தினார். நாள்பட்ட வலிக்காரன் முனகக்கூட மாட்டான் என்று பசங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் லயத்துக் கடைசி வீடுவரை கேட்கும்படி கத்தினார். எட்டுப் பேரும் அசையாமல் நின்றார்கள். அசைந்தால் எல்லாம் வீணாகிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். மைக்கல்ராஜின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

அதிகாரி நம்பினாரா, இல்லை லோரியை நிரப்பிக்கொண்டு இருட்டுவதற்குள் போய்விட வேண்டும் என்ற அவசரமா, நல்லசாமிக்குக் கடைசிவரை தெரியவில்லை. எட்டுப் பேரையும் கையால் ஒரே வீச்சாக ஒதுக்கினார். மிச்சம் இருந்த வரிசையை நடக்கச் சொன்னார். பத்துத் தலை என்றால் பத்துத் தலைதான்.

தரையில் கிடந்தபடியே நல்லசாமி பார்த்தார். கண்ணுக்கு நேரே கால்கள்தான் தெரிந்தன. ஒவ்வொரு ஜோடியாகப் போயின. அதில் சன்னாசியின் கால்களும் வந்தன. வலது காலில் பால்கத்தி பட்ட பழைய தழும்பு இருக்கும். அதை வைத்து அடையாளம் தெரிந்தது.

சன்னாசிக்கு அந்த நடை தெரியும். சடக்கோரத்தில் நின்று அத்தனை நாளும் பார்த்தவன். ஓர் அடி இழுத்து வைத்திருந்தால் அவனும் நோய்க்காரனாகியிருப்பான். ஆனால் பந்தாடாத, அந்தச் சேற்றில் நிற்காத ஒருவன் புதிதாக நொண்டினால், ஒதுக்கப்பட்ட எட்டுப் பேரையும் அதிகாரி திரும்பக் கூப்பிடுவார் என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவன் நேராக நடந்தான். அவன் அவ்வளவு நேராக நடந்து நல்லசாமி அதுவரை பார்த்ததில்லை. அதிகாரி அவன் தோளைத் தொட்டார்.

லோரி போன பிறகுதான் நல்லசாமியைத் தூக்கினார்கள்.

கால் சேரவில்லை. இரண்டு கழிகளை அக்குளில் வைத்துக்கொண்டு எழுந்து நிற்கவே மாதங்கள் ஆயின. மங்கம்மா வேலைக்குப் போகும் நேரத்தில் முத்தாயிதான் வந்து கஞ்சி வைத்துவிட்டுப் போவாள். அவள் வரும்போதெல்லாம் நல்லசாமி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். ஒரு நாள் திரும்பாமல் இருந்தார்.

"முத்தாயி, அவன் எங்கிட்ட வந்து கேட்டாம்மா. நான்தான்..."

"தெரியும்ணே." அவள் சட்டியைக் கீழே வைத்தாள். "அன்னைக்கே வீட்டுல வந்து சொன்னாரு. அண்ணன் சொல்றதுதான் சரி, ஆளு கூடுனா ஆட்டம் கெட்டுப் போயிரும்னாரு." சட்டியின் மூடியைத் திறந்துவிட்டு, "நான்தான் சண்டை புடிச்சேன். உங்கள இல்ல, அவர," என்றாள். பிறகு, "கஞ்சி ஆறிடும், குடிங்க," என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

அவள் ஏசியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும்.

எட்டுப் பேரும் தொடர்ந்து நொண்டினார்கள். யார் எங்கே போய்ச் சொல்வான் என்று தெரியாத காலம். பெரட்டிலும் காட்டிலும் கிணற்றடியிலும் நல்லசாமியின் நடையையே நடந்தார்கள். ஜப்பான்காரன் தோற்றுப் போனான் என்ற செய்தி வந்த அன்றைக்குத்தான் முருகையா லயத்துக்கு முன்னால் நேராக நடந்து பார்த்தான். நாலடி போய் நின்று, தன் காலையே குனிந்து பார்த்தான்.

சயாமுக்குப் போனவர்களில் ஆறுமுகம் மட்டும் திரும்பி வந்தான். சன்னாசியைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவன் இருந்த முகாமே வேறு.

வெள்ளைக்காரத் துரை திரும்பி வந்து சேர்ந்த சில மாதத்தில் கோலா பிலா பக்கத்துத் தோட்டம் ஒன்று ஆட்டத்துக்குக் கூப்பிட்டது. பசங்கள் புல்லை வெட்டினார்கள், கோடு போட்டார்கள். நல்லசாமி கழிகளோடு வந்து மறுபடியும் சொல்லிக்கொடுத்தார். இப்போது செய்துகாட்ட முடியாது. திக்கித் திணறி வாயால்தான் சொன்னார். ஆட்டத்தன்று பதினாலு பேர் ஆடத் தயாராக வந்து நின்றார்கள். சேர்ந்தவர்களில் புது ஆட்கள் ஐந்தாறு பேர்.

"அண்ணே, பேரச் சொல்லுங்க. அவனுங்க எறங்கிட்டானுங்க," என்றான் மைக்கல்ராஜ்.

நல்லசாமி பதினாலு பேரையும் பார்த்தார். யாரை விட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். பார்த்த உடனே தெரியும். அது அவருக்கு என்றைக்கும் கஷ்டமாக இருந்ததில்லை. வாயைத் திறந்தார். நாக்கு நுனியில் வந்து நின்றது சன்னாசியின் பெயர்தான்.

"நீங்களே பிரிச்சுக்குங்கடா."

"அது எப்படிண்ணே? நீங்க சொன்னாத்தான விட்டவன் மொகத்தத் தூக்கி வச்சிக்காம இருப்பான்?"

"அதுக்குத்தாண்டா சொல்றேன்." அவர் கழிகளை அக்குளில் சரிசெய்துகொண்டார். "ஆடக் கத்துக்குடுக்கறேன். நாளைக்கும் வருவேன், அதுக்கு மறுநாளும் வருவேன். பேரு மட்டும் எங்கிட்ட கேக்காதீங்க."

 மைக்கல்ராஜ் திரும்பிப் போய் ஆட்களைக் கூட்டினான். உடனே கூச்சல் கிளம்பியது. "நான் ஏன் வெளிய நிக்கணும்?", "ஒன் வயித்தப் பாத்தியாலா?", "போன வாரம் நான் போட்ட கோல யாரு போட்டா, ஒங்க மாமனா?" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். முருகையா ஒருவனை நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். எதிரணிக்காரர்கள் நடுக்கோட்டில் காத்து நின்று சலித்துப்போய்ப் புல்லில் உட்கார்ந்துவிட்டார்கள். ஏழாங்கட்டையில் இதற்கு முன்னால் ஒரு தடவைகூட இப்படி நடந்ததில்லை.

நல்லசாமி தலையிடவில்லை. ஒருவழியாகப் பதினொரு பேர் உள்ளே இறங்கினார்கள். மூன்று பேர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கோட்டோரத்தில் போய் உட்கார்ந்தார்கள். அவர் மெதுவாக அவர்களிடம் போய், கழிகளைத் தரையில் கிடத்தி, அவர்களுக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தார். ஒருவன் அவரைத் திரும்பிப் பார்க்காமலே இரண்டு விரற்கடை நகர்ந்து இடம் விட்டான்.